அது வேறு பச்சைப் புள்ளி

2022 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரத்தில் என் வாடகை அறையில் உட்கார்ந்து, அம்மாவோடு வீடியோ காலில் பேசியபடியே ஸ்ட்ராபெரி தயிர் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "அது என்னதுய்யா, செவப்பா?" என்றாள். பழம் போட்ட தயிர் என்றேன். "பச்சைப் புள்ளி பாத்துத்தான வாங்குத?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லி, கிண்ணத்தைத் திருப்பி, அதிலிருந்த பச்சை வட்டத்தைக் கேமரா முன்னால் பிடித்தேன். அம்மா கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது என்ன, ரெண்டு அம்பு சுத்திக்கிட்டு கெடக்கு? நம்ம ஊரு புள்ளி சதுரத்துக்குள்ள இருக்கும்லா" என்றாள். "இந்த ஊருல இப்படித்தாம்மா போடுவாங்க" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன்.

போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து, மூடியின் ஓரத்தில் கடுகளவு எழுத்தில் இருந்த பொருட்பட்டியலின் மேல் கேமராவைப் பிடித்தேன். தயிர், ஸ்ட்ராபெரி, சர்க்கரை, மாவுச்சத்து, அடுத்து "மாட்டு ஜெலாட்டின்". செயலி தப்பாகச் சொல்கிறது என்று நினைத்து வெளிச்சத்தை மாற்றி, மூடியைத் துடைத்து, மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் அதே சொல். ஜெலாட்டின் என்றால் விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை. கிண்ணத்தில் இன்னும் பாதி மீதி இருந்தது. கரண்டி ஒரு பக்கமும் சாயாமல் அதில் நட்டது போல நின்றுகொண்டிருந்தது. அந்தக் கெட்டித்தன்மை பிடித்துப்போய்த்தான் எட்டு மாதமாக அதையே தேடி வாங்கினேன். கரண்டியை நிற்க வைத்தது என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எனக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சைவம், முட்டையும் கிடையாது. கடையில் எதை எடுத்தாலும் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பேன், இருந்தால் கூடையில் போடுவேன். பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று படித்ததே இல்லை. 2021 செப்டம்பரில் வேலைக்காக இங்கே வந்தபோதும் அதே பழக்கத்தோடுதான் வந்தேன். முதல் வாரமே பல பொட்டலங்களில் ஒரு வட்டச் சின்னம் கண்ணில் பட்டது. பக்கத்து அறைக்காரரிடம் இது என்ன என்று கேட்டேன். "க்ரூனர் புங்க்ட்" என்றார். அகராதியில் பார்த்தால் பச்சைப் புள்ளி என்றே இருந்தது. அதற்கு மேல் எதையும் கேட்கத் தோன்றவில்லை. உண்மையில் அது 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வந்த குப்பை மறுசுழற்சி ஏற்பாட்டின் சின்னம். அந்த உறையைச் சேகரித்துத் தரம் பிரிக்கும் செலவுக்குத் தயாரிப்பாளர் பணம் கட்டியிருக்கிறார் என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். பன்றி இறைச்சிப் பொட்டலத்திலும் அதே வட்டம் இருக்கும். இறைச்சி வைத்திருக்கும் பக்கமே நான் போனதில்லை என்பதால், அதைப் பார்த்துச் சந்தேகப்படக்கூட வாய்ப்பில்லாமல் போயிற்று. இங்கே புதிதாக வருகிற யாருக்காவது இந்த ஒரு விஷயமாவது முதல் நாளே தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. குளித்துவிட்டு வந்து சமையலறை அலமாரியை மொத்தமாக மேசைமேல் இறக்கி ஒவ்வொன்றாகப் படித்தேன். பாட்டிலில் அடைத்த சிவப்பு முட்டைக்கோஸ் பொரியல் மாதிரி ஒன்று, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வாரம் ஒரு பாட்டில் வாங்குவேன். அதில் பன்றிக் கொழுப்பு. அலுவலகத்தில் எல்லோரும் கையை விடும் கிண்ணத்திலிருந்து நானும் எடுத்துத் தின்ற ரப்பர் மிட்டாயில் பன்றி ஜெலாட்டின். சிவப்பு மிட்டாய் ஒன்றில் பூச்சியிலிருந்து எடுத்த நிறம். முட்டைக்கோஸ் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னோடு வேலை பார்க்கும் பலர் இறைச்சி சாப்பிடுகிறவர்கள், ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறோம், அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. என் தட்டில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாமல் எட்டு மாதம் ஓடியிருக்கிறதே என்பதுதான் தாங்கவில்லை. அந்த வாரம் அம்மா கூப்பிட்டபோது, "எல்லாம் பாத்துட்டேம்மா, சரியாத்தான் இருக்கு" என்று பொய் சொன்னேன்.

அதற்கு அடுத்து நான் செய்த தவறு இன்னும் பெரியது. குடும்ப வாட்ஸப் குழுவில் முன்பு எப்போதோ வந்திருந்த ஒரு பட்டியலைத் தேடி எடுத்தேன். நிறம், கெட்டிப்படுத்தி போன்ற சேர்பொருட்களுக்கு உறையில் போடும் இ எண்களின் பட்டியல் அது. "கீழ்க்கண்ட எண்கள் எல்லாம் பன்றிக் கொழுப்பு" என்று இ100, இ140, இ322, இ330, இ471 என நாற்பது ஐம்பது எண்கள் அதில் இருந்தன. அதை அப்படியே நம்பி, வீட்டில் இருந்த பொருட்களில் முக்கால்வாசியைக் குப்பையில் போட்டேன். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 90 யூரோ. அப்புறம் மூன்று மாதம் வெறும் சோறு, பருப்பு, வெறும் தயிர், ஆப்பிள். வேறு ஏதாவது வேண்டுமென்றால் விலை அதிகமான இயற்கை அங்காடியில் வீகன், அதாவது விலங்கிலிருந்து வந்த எதுவும் இல்லாதது, என்று பெரிதாக எழுதியதை மட்டும் வாங்கினேன். மாதம் 220 யூரோவில் முடிந்த சாப்பாட்டுச் செலவு 400ஐத் தாண்டியது. உடம்பு 6 கிலோ இறங்கியது. அலுவலக விருந்துக்குப் போவதை நிறுத்தினேன். அந்தப் பட்டியலில் முதலாவதாக இருந்த இ100 மஞ்சள்தூளின் நிறம் என்பது எனக்குத் தெரிய ஆகஸ்ட் ஆகிவிட்டது. இ140 இலையின் பச்சையம். இ330 எலுமிச்சையில் இருக்கும் அதே சிட்ரிக் அமிலம். இ322 பெரும்பாலும் சோயாவிலோ சூரியகாந்தியிலோ எடுக்கும் லெசித்தின், முட்டையிலிருந்து எடுத்திருந்தால் முட்டை என்று எழுதியாக வேண்டும். இ412 கொத்தவரை விதைப் பிசின். இ406 நம் ஊரில் சீனாப்புல் என்று சொல்லும் கடற்பாசி. மஞ்சள் சேர்த்த பொட்டலத்தைப் பன்றிக் கொழுப்பு என்று நினைத்துக் குப்பையில் போட்டிருக்கிறேன். யார் எழுதியது என்று தெரியாத பட்டியலை நம்பி எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள், ஒரு மாலை நேரம் போதும்.

மிச்சத்தை நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். முதலில் புரிந்தது, எண்ணை மட்டும் தேடினால் இங்கே ஏமாந்துபோவோம். ஐரோப்பிய விதிப்படி ஒரு சேர்பொருளை அதன் எண்ணாலும் எழுதலாம், பெயராலும் எழுதலாம். மக்களுக்கு எண் என்றாலே பயம் என்பதால் நிறைய தயாரிப்பாளர்கள் பெயரைத்தான் போடுகிறார்கள். பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறத்தை இ120 என்று எழுதாமல் "எஷ்டஸ் கார்மீன்" என்றோ கொச்சினீல் என்றோ இருக்கும். இ904 என்பதற்குப் பதில் ஷெல்லாக், இ901க்குப் பதில் தேன்மெழுகு என்று பொருள்படும் "பீனன்வாக்ஸ்". ஜெலாட்டினைப் பொறுத்தவரை இன்னும் விசேஷம். பழைய பட்டியல்களில் இ441 என்று இருக்கும், ஆனால் ஐரோப்பாவில் அதை உணவாகவே கணக்கு வைத்திருப்பதால் எண்ணே கிடையாது. 441ஐத் தேடித் தேடி, இல்லை என்று நிம்மதியாகச் சாப்பிட்டவர்களை எனக்குத் தெரியும். ஆகவே சில சொற்களைப் படமாகவே மனசில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஷ்வைன் என்றால் பன்றி, ரிண்ட் மாடு, ஹூன் கோழி, ஷ்பெக் பன்றிக் கொழுப்புத் துண்டு, டால்க் மாட்டுக் கொழுப்பு, ஷ்மால்ட்ஸ் உருக்கிய கொழுப்பு, பெரும்பாலும் பன்றியுடையது. நீளமான ஜெர்மன் சொல்லுக்குள் இவை ஒட்டிக்கொண்டு வரும், ரிண்டர்கெலாட்டின் மாதிரி. எனவே முழுச் சொல்லைத் தேடாமல் நடுவில் இந்தத் துண்டு தெரிகிறதா என்று பாருங்கள்.

கார்மீன் பற்றிப் படித்தபோது ஒரு விஷயம் மனசைத் தொட்டது. சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டி வாழும் சின்னப் பூச்சியைக் காய வைத்துப் பொடித்து எடுப்பது அந்தச் சிவப்பு. இன்று அதிகமாக வருவது பெருவிலிருந்து. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இந்தப் பூச்சிக்காகவே சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டிருக்கிறார். எங்கேயோ தூர தேசத்து விஷயம் என்று நினைத்தது நம் ஊர் மண்ணில் ஒரு காலத்தில் நட்டுப் பார்க்கப்பட்டிருக்கிறது. ஷெல்லாக்கும் அப்படித்தான். மிட்டாய்மேல் பளபளவென்று பூசும் அது நம் அரக்கு. மரக்கிளையில் அரக்குப் பூச்சி சுரப்பதைச் சுரண்டி எடுக்கிறார்கள், ஜார்கண்டில் அது பெரிய தொழில். பாண்டவர்களுக்குக் கட்டிய அரக்கு மாளிகையும் காப்பி நிற மிட்டாயின் மினுமினுப்பும் ஒரே பொருள் என்பதை அம்மாவிடம் சொன்னபோது அவள் நம்பவே இல்லை.

பெயர் தெரிந்தால் விலக்கிவிடலாம் என்ற வகை இது. இரண்டாவது வகைதான் நிஜமான தலைவலி. ஒரே பொருளைச் செடியிலிருந்தும் எடுக்கலாம், விலங்கிலிருந்தும் எடுக்கலாம், உறையில் எதிலிருந்து என்று எழுதவேண்டிய கட்டாயம் இல்லை. பிஸ்கட், ரொட்டி, ஐஸ்கிரீம் எல்லாவற்றிலும் வரும் இ471 இதில் முதல் இடம். "மோனோ உண்ட் டிகிளிசரிடெ ஃபோன் ஷ்பைசெஃபெட்சாய்ரன்" என்று ஒரு வரி நீளத்துக்கு எழுதியிருப்பார்கள். பனை எண்ணெயாகவும் இருக்கலாம், மாட்டுக் கொழுப்பாகவும் இருக்கலாம். கவனியுங்கள், சாதாரண எண்ணெய் சேர்த்தால் அது எந்தச் செடியின் எண்ணெய் என்று 2014 டிசம்பரிலிருந்து ஐரோப்பாவில் எழுதியாக வேண்டும். அதே எண்ணெயைப் பிரித்து, எண்ணெயையும் நீரையும் ஒன்றாகக் கலக்க வைக்கும் குழம்பாக்கியாக மாற்றிவிட்டால் அந்தக் கட்டாயம் போய்விடுகிறது. இ472 வரிசை, ஸ்டியரிக் அமிலமான இ570, கிளிசரினான இ422 எல்லாம் இந்தச் சந்தேக வகைதான். ருசி கூட்டும் இ627, இ631, இ635 மீனிலிருந்தோ இறைச்சியிலிருந்தோ வரலாம், மரவள்ளி மாவைப் புளிக்க வைத்தும் எடுக்கிறார்கள். ரொட்டி மாவை இளக்கும் இ920 பறவை இறகிலிருந்து வரலாம், நுண்ணுயிர் மூலமாகவும் செய்யலாம். மனித முடியிலிருந்து எடுக்கிறார்கள் என்று ஒரு பயமுறுத்தல் சுற்றுகிறது, ஐரோப்பிய விதி அதை வெளிப்படையாகத் தடுத்திருக்கிறது, அதை நினைத்துத் தூக்கம் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதற்கு ஒரே வழி கேட்பதுதான். நான் 11 நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் எழுதினேன். பொருளின் பெயர், பட்டைக் குறியீட்டு எண், "இதில் உள்ள இ471 செடியிலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா?" என்று ஒரே ஒரு கேள்வி. சைவமா என்று பொதுவாகக் கேட்டால் சுற்றி வளைத்துப் பதில் வரும், அதனால் எந்தப் பொருள் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். எட்டுப் பேர் பதில் போட்டார்கள், சிலர் அடுத்த நாளே. ஆறு பேர் முழுக்கச் செடியிலிருந்து என்று தெளிவாகச் சொன்னார்கள். ஒருவர் விலங்குக் கொழுப்பு என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார். இன்னொருவர் சரக்கு தருபவர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் உறுதி சொல்ல முடியாது என்றார். பதில் வராத மூன்றையும் உறுதி தராததையும் நான் வாங்குவதில்லை. வந்த பதில்களைத் தேதியோடு போனில் ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் செய்முறை மாறும். உறையில் "நொயெ ரெட்செப்டூர்" என்று, அதாவது புதுச் செய்முறை என்று, ஒரு பட்டை தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து படித்துவிடுவேன்.

மூன்றாவது வகை, உறையில் வரவே வராதது. இதில் பாலாடைக்கட்டி என்னை ரொம்ப வருத்தியது. பால்தானே, சைவம்தானே என்று தினமும் ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டிருக்கிறேன். பாலைத் திரிய வைக்க இங்கே காலம் காலமாகப் பயன்படுத்துவது பால்குடி மறக்காத கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி. கன்றை அறுத்த பிறகு எடுப்பது அது. ஜெர்மன் மொழியில் லாப் என்பார்கள், மூன்றே எழுத்து. பாலும் நொதியும் நுண்ணுயிரும் உப்பும் மட்டும் சேர்ந்த பாலாடைக்கட்டிக்குப் பெரும்பாலும் முழுப் பொருட்பட்டியலே தேவையில்லை என்பதால் அந்த மூன்று எழுத்தும் இல்லாமல் போகலாம். "மிக்ரோபியல்லஸ் லாப்" என்று எழுதியிருந்தால் நுண்ணுயிரிலிருந்து வந்தது, தாராளமாக வாங்கலாம். எதுவும் எழுதவில்லை என்றால் கேட்க வேண்டும். பார்மிஜானோ ரெஜ்ஜானோ, கிரானா பாதானோ என்ற இத்தாலிய வகைகளில் கேட்கவே தேவையில்லை, கன்றின் நொதியைத்தான் சேர்க்க வேண்டும் என்பது அவற்றின் விதியிலேயே இருக்கிறது. துளசி மாதிரி இலையை அரைத்துப் பச்சைச் சட்னி போல பாட்டிலில் வரும் பெஸ்டோவில் இந்த இரண்டில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். நம் ஆட்கள் நூடுல்ஸுக்கு அதைத்தான் முதலில் வாங்குகிறோம்.

ஆப்பிள் சாறும் இதே கதை. கலங்கலான சாற்றைத் தெளிய வைக்க ஜெலாட்டின் சேர்த்து, அது கசடோடு அடியில் படிந்ததும் வடிகட்டிவிடுவது ஒரு முறை. கடைசிப் பொருளில் அது சேர்க்கையாக இருக்காது என்பதால் எழுத மாட்டார்கள். "நாட்டூர்ட்ரூப்" என்று எழுதிய கலங்கல் சாற்றை வாங்கினால் இந்தப் பிரச்சினை இல்லை, ருசியும் அதில்தான் அதிகம். ரொட்டிக் கடையில் உறையே கிடையாது. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருக்கும், முடிச்சுப் போட்ட மாதிரியான பிரெட்சல் ரொட்டியை வேலைக்குப் போகும் வழியில் தினம் ஒன்று வாங்குவேன். மாவும் உப்பும்தானே என்ற நம்பிக்கை. செப்டம்பரில் ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "இதில் ஷ்மால்ட்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டேன். கடைக்கார அம்மாள் மலர்ந்த முகத்தோடு, "ஆமாம், அதனால்தானே இந்த ருசி" என்றார். ஒளிக்க வேண்டியது என்று அவருக்குத் தோன்றவே இல்லை, இந்த ஷ்வாபியப் பகுதியில் பிரெட்சல் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். நான் அதற்கு முன் ஒரு வருஷம் கேட்காமல் இருந்ததுதான் தப்பு. அதே தெருவில் இரண்டு கடை தள்ளி வெண்ணெய் சேர்த்துச் சுடுகிறார்கள், இப்போது அங்கே வாங்குகிறேன். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். ஒருவர்கூட என்னை முகம் சுளித்துப் பார்த்ததில்லை.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தரும் குறுக்கு வழி ஒன்று உண்டு. இங்கே ஒவ்வாமை தரக்கூடிய 14 வகைப் பொருட்களைத் தடித்த எழுத்திலோ பெரிய எழுத்திலோ தனியாகத் தெரியும்படி காட்ட வேண்டும். பால், முட்டை, மீன், இறால், சிப்பி எல்லாம் அதில் அடக்கம். எனவே முட்டையும் மீனும் இருந்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஆனால் பன்றியும் மாடும் கோழியும் அந்தப் பதினான்கில் இல்லை, மெல்லிய எழுத்துக்குள்ளேயே கிடக்கும். தடித்த எழுத்தை மட்டும் பார்த்து நிம்மதியானால் மோசம் போவோம். அடுத்து, மஞ்சள் வட்டத்தில் பச்சை இலையோடு வி எழுத்து உள்ள சின்னத்தைத் தேடுங்கள். அது அரசுச் சின்னம் இல்லை, தயாரிப்பாளர் விரும்பிப் போய் வாங்குவது, ஆனாலும் கன்றின் நொதி, கார்மீன் எல்லாம் பார்த்துத்தான் தருகிறார்கள். அதன் கீழே வெகட்டாரிஷ் என்று இருந்தால் முட்டை இருக்கலாம், இந்த ஊர்க் கணக்கில் முட்டை சைவம். வீகன் என்று இருந்தால் பாலும் கிடையாது. நம் வீட்டுச் சைவம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நான் வெகட்டாரிஷ் சின்னத்தைப் பார்த்து, பிறகு தடித்த எழுத்தில் ஐ என்ற முட்டைச் சொல் இல்லையா என்று பார்த்து எடுத்துவிடுவேன். ஐந்து வினாடி ஆகாது. ஹலால் என்று எழுதிய ரப்பர் மிட்டாயை நம்பி வாங்கிய நண்பர்கள் இருக்கிறார்கள். இஸ்லாமிய முறைப்படி அனுமதிக்கப்பட்டது, அதனால் பன்றி இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம், மாட்டு ஜெலாட்டின் இருக்கலாம்.

மருந்து பற்றியும் சொல்ல வேண்டும். அந்த மூன்று மாதப் பட்டினி மாதிரியான சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டியும் பி12ம் ரொம்பக் குறைவு என்று வந்தது. டாக்டர் கொடுத்த வைட்டமின் டி உருண்டையின் உறை ஜெலாட்டின். விவரத் தாளில் "சோன்ஸ்டிகெ பெஷ்டாண்ட்டைலெ", அதாவது இதர சேர்பொருட்கள், என்ற பகுதியில் எழுதியிருந்தது. நான் முட்டாள்தனமாக யாரிடமும் சொல்லாமல் இரண்டு வாரம் சாப்பிடாமல் விட்டேன். கால் வலியில் மாடிப்படி ஏற முடியவில்லை. பிறகு மருந்துக் கடையில் போய்ச் சொன்னால், அந்த அம்மாள் கணினியில் தேடி ஐந்தே நிமிடத்தில் ஜெலாட்டின் இல்லாத மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். செடிநாரிலிருந்து செய்யும் ஹைப்ரோமெல்லோஸ் என்ற உறையும் இருக்கிறது. வைட்டமின் டி3 பெரும்பாலும் செம்மறி ரோமத்தைக் கழுவி எடுக்கும் மெழுகிலிருந்து வருகிறது. ரோமம் கத்தரிப்பதுதானே என்று நான் ஏற்றுக்கொண்டேன். வேண்டாம் என்பவர்களுக்குப் பாறைப் பாசியிலிருந்து எடுத்ததும் கிடைக்கிறது. எதுவானாலும் டாக்டரிடம் சொல்லாமல் மருந்தை நிறுத்தாதீர்கள், உயிர் காக்கும் மருந்துக்கு மாற்று இல்லாமலும் போகலாம்.

நம் ஊரில் புள்ளி இருக்கிறதே, இந்தக் கவலை எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. இந்தியாவில் அசைவக் குறி முன்பு பழுப்பு வட்டமாக இருந்தது, 2020 விதிகளில் அதைப் பழுப்பு முக்கோணமாக மாற்றினார்கள், நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கும் தெரியும். அதே விதியில் பால், தேன், தேன்மெழுகு, ஷெல்லாக் எல்லாம் அசைவக் கணக்கிலிருந்து விலக்கப்பட்டிருக்கின்றன. பச்சைப் புள்ளி போட்ட மிட்டாயில் அரக்கு இருக்கலாம், அதில் சட்டத் தவறு எதுவும் இல்லை. 2021 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், சேர்பொருளின் எண்ணை மட்டும் போட்டால் போதாது, அது செடியிலிருந்தா விலங்கிலிருந்தா ஆய்வகத்திலிருந்தா என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. இ631 பற்றியும் அந்த வழக்கில் பேசப்பட்டது. அதைப் படித்தபோது, என்னைப் போலக் கவலைப்பட்டவர்கள் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள் என்று கொஞ்சம் தெம்பாக இருந்தது.

2023 ஜூனில் அம்மா மூன்று மாத விசாவில் இங்கே வந்தாள். வந்த நான்காவது நாள், சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தயிர், முட்டைக்கோஸ், பிரெட்சல், எதையும் விடவில்லை. அவள் கை நிற்கவில்லை, வெங்காயத்தை உரித்தபடியே கேட்டாள். எல்லாம் முடிந்த பிறகு, "தெரியாமத் தின்னதுக்கு என்ன செய்ய முடியும். எங்கிட்ட ஏன்யா மறைச்ச, அதச் சொல்லு" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. மேற்கொண்டு அவளும் கேட்கவில்லை. ராத்திரி ஒரு நோட்டைக் கொண்டுவந்து வைத்து, அந்தச் சொல்லையெல்லாம் எழுதித் தா என்றாள். ஒரு பக்கத்தில் உறையில் இருக்கிற மாதிரியே ஜெர்மன் எழுத்தில் எழுதினேன், பக்கத்தில் தமிழில் அவளே எழுதிக்கொண்டாள். லாப் என்பதற்கு எதிரே "கன்னுக்குட்டி" என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டாள். மறுநாள் கடையில் பாலாடைக்கட்டி வரிசை முன்னால் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். நான் வண்டியோடு பின்னால் நின்றேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்த நோட்டு அவளிடம்தான் இருக்கிறது. போன மாதம் வீடியோ காலில், சித்தப்பா மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த சாக்லேட் டப்பாவைக் கேமராவுக்குக் காட்டினாள். கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, "இ, நாலு, ஏழு, ஒண்ணு போட்டிருக்கு" என்று படித்தாள். "இத யாருக்கு எழுதிக் கேக்கணும்?"